பௌதிகப் பட்டமும் பதினான்கு மாதங்களும்

நான் பௌதிகவியலில் பட்டம் வாங்கி எல்கடுவைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் என்னை டாக்டர் என்று நினைத்தார்கள். இல்லை என்று சொன்னதும், அப்படியானால் இஞ்சினியரா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை என்றேன். பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அப்பா மட்டும், தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டுக் காய்த்துப்போன கையால் என் பட்டப் பத்திரத்தைத் தொடாமல் தொட்டுப் பார்த்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்னோடு ஒரே மேசையில் நின்றவன் யட்டவத்தயைச் சேர்ந்த ஒரு சிங்கள நண்பன், பள்ளிக்கூட ஆசிரியரின் மகன். நல்லவன். கருவிகளைத் தொட்டால் மட்டும் அவனுக்குக் கை நடுங்கும். ஊசல் பரிசோதனையில் நான் எடுத்த அளவுகளைத்தான் அவன் தன் கொப்பியில் எழுதுவான். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவன் அம்மா கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சலில் பாதி என்னுடையது.

கடைசித் தவணையில் ஒரு விரிவுரையாளர், பௌதிகம் படித்தவனுக்கு என்னென்ன வேலைகள் உண்டு என்று சொன்னார். வானிலை அவதானிப்பு, நில அளவை, தொலைத்தொடர்பு, ஆசிரியத் தொழில். நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டோம். அவ்வளவும் அரசாங்க வேலைகள், அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழரான எங்களுக்கு அது இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வகுப்பில் முதலாவதாக வந்தவனை எந்த நாடு வேண்டாம் என்று சொல்லும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வானிலை வேலைக்கு நானும் நண்பனும் விண்ணப்பித்தோம். கொழும்பில் நேர்முகப் பரீட்சை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பாரமானியை வாசிக்கும்போது, அதோடு பொருத்தியிருக்கும் வெப்பமானியை ஏன் முதலில் வாசிக்க வேண்டும் என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் நிற்பவரின் உடற்சூடு வெப்பமானியைச் சீக்கிரம் ஏற்றிவிடும், பாதரசம் நிறைந்த பாரமானியோ மெதுவாகத்தான் சூடாகும், அதனால் பிந்தி வாசித்தால் திருத்தம் பிழைக்கும் என்றேன். இன்று காலையிலிருந்து இதைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் நீதான் என்று அவர் சிரித்தார். பிறகு என் கோப்பைப் புரட்டினார். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டார். ஒரு கோப்பைத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துத் தேயிலையாகக்கூட இருக்கலாம். நான் குடிக்கவில்லை.

நான் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். ஆனால் என் அப்பாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தன் அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து, அவர் ஒருமுறை திருச்சிப் பக்கம் போனார். காரியம் முடிந்து, காணித் தகராறு முடிந்து திரும்பப் பதினான்கு மாதங்கள் ஆயின. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தவர் இந்நாட்டில் தொடர்ந்து வசித்தவராகமாட்டார் என்றது சட்டம். இரண்டு மாதம் கூடிப்போனது. முப்பது வருடம் விறகு போட்டது கணக்கில் வரவில்லை.

கொழும்பிலிருந்து நான் திரும்பியபோது அப்பா லயத்து வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்.

"நான் அந்தத் தடவ ஊருக்குப் போகாம இருந்திருந்தா ஒனக்கு இந்த வேல கெடச்சிருக்குமாப்பா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் கோபம் அந்த மூன்று பேர் மேல், சட்டம் எழுதியவர்கள் மேல். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அப்பாதான் இருந்தார்.

"ஆமா. கெடச்சிருக்கும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

நண்பனுக்கு வேலை கிடைத்தது. நான் அதே தோட்டத்து ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் குறித்து வைக்கும் உதவியாளன் ஆனேன். ஒருநாள் மாத்தளை பஸ் நிலையத்தில் நண்பனைக் கண்டேன். கட்டித் தழுவினான். தன் நிலையத்துக்கு வந்து கருவிகளைப் பார்க்கும்படி கூப்பிட்டான். பிறகு தயங்கியபடி, பாரமானித் திருத்தத்தில் ஒரு சந்தேகம் என்றான். "ஒனக்குத்தானே சம்பளம் குடுக்கிறாங்க, நீயே கண்டுபிடி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவன் முகம் சுண்டிப்போனது. பெரிய வெற்றி போல இருந்தது, பஸ் உக்குவளை தாண்டும்வரை.

பிறகு இலங்கை, இந்தியா இரு நாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இலங்கைக்கு என்று எங்களையெல்லாம் பிரித்து எழுதினார்கள். அப்பா எங்களிடம் கேட்காமலே இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். நான் இலங்கைக்கு எழுதிப்போட்டேன். தலைமன்னார் ரயிலில் அவரையும் அம்மாவையும் ஏற்றியபோது, நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவா போகிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர், "ஃபேக்டரியில சூட்டுல நிக்காத, ஒடம்பு கெட்டுப்போகும்" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் ஆண்டு, அவர் இறந்து பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது.

என் பிரஜாவுரிமைப் பத்திரம் எனக்கு முப்பத்தாறு வயதில் வந்தது. அதற்குள் அரசாங்க வேலைகளுக்கான வயதெல்லை தாண்டிவிட்டது. முத்திரை குத்திய அந்தத் தாளைக் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழித்தால் மறுபடி ஒன்றுமில்லாதவன் ஆவேன் என்று பயந்து பெட்டியில் வைத்தேன். அந்தப் பயம்தான் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது.

மாத்தளை நகரில் மிளகு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் வியாபாரி, அண்ணன் என்ற பொருளில் நானா என்று நான் கூப்பிடுபவர், தன் கடையின் மேல்மாடியை நான் பௌதிக வகுப்பு நடத்தத் தந்தார். முதல் நாள் பதினோரு பிள்ளைகள். பௌதிகம் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் சேர் என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள். எங்கள் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை.

"மொதல்ல வீட்டுக்குப் போயி, ஒங்க அப்பாகிட்ட பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கான்னு கேட்டுட்டு வா," என்றேன்.

சொன்னது உண்மை. சொன்ன விதம், அன்று என்னோடு கொழும்பிலிருந்து வந்து அப்பாவிடம் பேசிய அதே விதம். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வகுப்பை நிறுத்திவிட்டு, எல்கடுவை பஸ்ஸைப் பிடித்து, அவளுடைய லயத்தைத் தேடிக்கொண்டு போனேன்.