இரண்டு பேருக்கான விருந்து

என் கணவர் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. கனடாவில் இருக்கும் மகன் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டான்.

"அம்மா, இந்த வருஷம் நீங்க அடுப்படியில நிக்கக் கூடாது. மகாபலிபுரத்துல ஒரு ரிசார்ட்ல கிறிஸ்துமஸ் லஞ்ச் புக் பண்ணியிருக்கேன். காரும் வரும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் குரலில் இருந்த உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

காலை ஆராதனை முடிந்து செங்கல்பட்டு வீட்டுக்குத் திரும்பியதுமே கார் வந்துவிட்டது. திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தோம்.

ரிசார்ட் வாசலில் ஒரு மெஷின் சோப்பு நுரையைப் பனிபோலத் தூவிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஓடிவந்து என் தலையில் சிவப்புக் குல்லாயை மாட்டினாள். உள்ளே மாடி உயரத்துக்கு மரம், தெர்மாகோல் மான்கள், காதை அடைக்கும் பாட்டு. எங்கள் வீட்டில் அவர்தான் வைக்கோல் வாங்கிவந்து குழந்தை இயேசுவுக்குக் குடில் கட்டுவார். அந்தப் பழக்கத்தில் என் கண் குடிலைத் தேடியது. கோட்டு போட்ட மேலாளரிடம் கேட்டேன்.

"குடிலா? ஓ, செல்ஃபி பாயின்ட் கேக்குறீங்களா மேடம்? நீச்சல் குளத்துக்கு அந்தாண்ட கீது."

அந்தப் பக்கம் போகாமல் என் மேசையைத் தேடி உட்கார்ந்தேன்.

அங்கே எல்லா மேசையும் ஜோடிகளுக்குத்தானாம். எனக்கு எதிரேயும் ஒரு தட்டு, ஒரு துண்டு கேக், இன்னொரு சிவப்புக் குல்லாய். பரிமாறியவர்கள் ஒவ்வொரு தடவையும் இரண்டாகவே கொண்டுவந்தார்கள். எதிரே வைத்த சூப் அங்கேயே ஆறிப்போனது.

மகன் வீடியோவில் வந்தான். "மரத்தைக் காட்டுங்கம்மா. அப்படியே திருப்புங்க. கடல் தெரியுதா?" எல்லாவற்றையும் காட்டினேன். "சூப்பரா இருக்கும்மா, என்ஜாய் பண்ணுங்க" என்றவன், நான் போனை என் முகத்துக்குத் திருப்புவதற்குள் வைத்துவிட்டான்.

தட்டு எடுக்கும் பெண் பக்கத்தில் நின்றாள். பக்கத்துக் குப்பத்துக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது.

"இன்னாம்மா, கூட வந்தவங்க எங்க?"

"யாரும் வரல. வூட்டுக்காரர் செத்துட்டார்மா."

அவள் கை எதிரே இருந்த தட்டின் பக்கம் போய் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்தத் தட்ட எடுத்துடட்டா?"

"இருக்கட்டும்."

"சரிம்மா. நீ துன்னு. யாருனா கேட்டா நான் சொல்லிக்கறேன்." அவள் போனபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மேடையில் பரிசுக்குக் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிக்காமலே எழுந்துவிட்டேன்.

வீட்டைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு பாய் மனைவி வெளியே வந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கையால் அதிரசம் வாங்கிப் போகிறவள்.

"ரெண்டு வாட்டி வந்துட்டுப் போனேன்க்கா. பூட்டிகினு இருந்துச்சி. புள்ளகிட்ட போய்ட்டீங்களோன்னு நெனச்சேன்."

"இல்ல, இங்கதான்... வெளிய போயிருந்தேன். இந்த வாட்டி ஒண்ணும் சுடலம்மா."

"அதனால இன்னாக்கா" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வீட்டில் விருந்தாளிகள் காத்திருப்பதாகச் சொல்லி, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

நான் உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றேன். காலையில் துடைத்துவைத்த அடுப்பு அப்படியே சுத்தமாக இருந்தது.