சைரன் போடாமல் போன ஆம்புலன்ஸ்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த ஏலக்காட்டில் ஓர் ஆண் யானை சுற்றிக்கொண்டிருந்தது. வீடுகளின் அடுக்களைச் சுவரை இடித்து அரிசியையும் உப்பையும் தின்றது. அதைப் பிடிக்கச் சொல்லி நாங்கள் எல்லாரும் ரோட்டை மறித்து உட்கார்ந்தோம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து நானும் போய் உட்கார்ந்தேன்.

கடைசியில், மயக்க ஊசி போட்டுப் பிடிப்பதென்று முடிவானது. அதற்கு முந்தின நாள் மாலை போலீஸ் ஜீப் மைக்கோடு வந்தது. சாந்தன்பாறைப் பக்கம் முழுக்கத் தடை உத்தரவு. யாரும் வெளியே வரக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, வனத்துறையின் வேலைக்கு இடைஞ்சல் செய்தால் கேஸ். ரோட்டை மறித்துப் பழகிய எங்கள் ஊர் இதற்கெல்லாம் அடங்கும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து என் தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள்.

"மதினி, பனிக்குடம் உடைஞ்சிருச்சு போல."

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கம்பம்மெட்டுக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போன தம்பி, ரோடு அடைத்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜீப்பில் சொன்ன நம்பருக்கு போன் செய்தேன். மலையாளம் பேசும் ஒரு பெண் போலீஸ் எடுத்தார்.

"வெளிய வந்தா கேஸ்னு சொன்னீங்களே மேடம், என்ன செய்யட்டும்?"

"இந்த மாதிரி அவசரத்துக்கு வழி வேணும்னுதான் சேச்சி ரோட்டைக் காலியா வச்சிருக்கு. வாசலைத் தாண்டாதீங்க. வண்டி அங்க வரும்."

ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்தினார்.

"சைரன் போடக் கூடாதுன்னுட்டாங்க அக்கா. யானை ரோட்டுப் பக்கத்துலதான் நிக்குது. மிரண்டுச்சுன்னா இத்தன பேரு பாடும் போச்சு."

வண்டியில் ஏறிப் படுத்ததும் தம்பி பெண்டாட்டி சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். வண்டி இறக்கத்தில் மெல்ல உருண்டது. ரோட்டின் இருபுறமும் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். காட்டு யானையை லாரியில் தள்ளி ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த கும்கி யானைகளைப் பாகன்கள் தேயிலைச் செடிகளின் ஓரமாக ஒதுக்கினார்கள். ஒன்று கண்ணாடிக்கு அத்தனை அருகில் நின்றது; அதன் இமை மயிர் தெரிந்தது.

மேட்டு லயங்களின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். மறியலில் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர் தன் வீட்டு நாயை மடியில் அமர்த்தி அதன் வாயைப் பொத்தியிருந்தார். அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை.

வளைவில் வனத்துறை அதிகாரி ஒருவர் கையை உயர்த்தினார். வண்டி நின்றது.

"ஏன் மதினி நின்னுருச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். ஏலச் செடிகளுக்கு நடுவே அது நின்றிருந்தது. மண்ணை அள்ளி முதுகில் வீசியது. மரத்தடியின் இருட்டெல்லாம் சேர்ந்து உயிர் பெற்றது போலிருந்தது. அதன்மேல் எனக்கிருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எம்புட்டுப் பெருசு," என்று முணுமுணுத்தாள். அடுத்த வலி வந்தபோது என் கையைப் பிடித்து நெரித்தாள்; வாய் திறக்கவில்லை.

யானை திரும்பிச் சரிவில் ஏறியது. அதிகாரியின் கை இறங்கியது. வளைவுகளைக் கடந்து வெகுதூரம் போன பிறகுதான் டிரைவர் சைரனைப் போட்டார். அதற்கென்றே காத்திருந்தவள் போல அவளும் வாய்விட்டுக் கத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். வீட்டில் என்றால் கஷ்டமாகியிருக்கும் என்றார் நர்ஸ்.

மதியம் போல அந்தப் பெண் போலீஸ் போன் செய்தார். யானைக்கு இன்னும் ஊசி போட்டிருக்கவில்லை. அவர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என்ன குழந்தை, சேச்சி?"

பெண் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் யாரிடமோ "பெண்குஞ்ஞாணு" என்றார். அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு, அதே தாழ்ந்த குரலில், ரோட்டோரமாகவே நகர்ந்து போவது எனக்கு போனில் கேட்டது.