தேடிப் பார்த்தாள், எழுதிப் பார்க்கவில்லை

என் அக்காவுக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. லிஃப்ட் வரத் தாமதமானால் படியேறிவிடுவாள். படியில் யாராவது மெதுவாகப் போனால் பின்னால் நின்று தொண்டையைச் செருமுவாள். வீட்டில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். வைத்தவன் நான். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் அறை. ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பைகளும் அவள் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸில் இருக்கும்: எந்தப் பை எந்த ஃப்ரிட்ஜில், என்ன வகை, யாருக்காக எடுத்து வைத்தது என்று. பல வருஷத்துப் பழைய பதிவுகளும் அதிலேயே கிடந்ததால், ஒரு பையைத் தேடினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் போன் போட்டுக் கத்துவார்கள். அவர்கள் கத்தாவிட்டாலும் அக்காவுக்கு அந்த வட்டத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து இன்டெக்ஸ்களாகப் போட்டுத் தள்ளினாள். இன்டெக்ஸ் என்றால், எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கும் தாள் மாதிரி. அலமாரியெல்லாம் துழாவ வேண்டாம், தாளைப் பார்த்து எடுத்துவிடலாம். அக்கா வகைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று கதவே தெரியாத அளவுக்கு ஒட்டிவிட்டாள். தேடிப் பார்த்தாள். தட்டிய விரலை எடுக்கும் முன்பே பதில் வந்தது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

தேடிப் பார்த்தவள் எழுதிப் பார்க்கவில்லை. ஒரு சாமானை இடம் மாற்றினால் கதவில் இருக்கும் அத்தனை தாளையும் திருத்தியாக வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத விடுமுறை நாளில் அது எப்படித் தெரியும்?

தெரியவந்த நாள், அதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பிரசவ நாளாக அமைந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. சுலபத்தில் கிடைக்காத வகை வேறு. கிழக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பை இருப்பதாகத் திரை காட்டியது. போன வண்டி வெறுங்கையோடு திரும்பியது. அந்தப் பை காலையிலேயே வேறொருவருக்கு ஏறிவிட்டதாம். திரை மட்டும் இன்னும் இருக்கிறது என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

“இங்கயே ஒரு பை இருக்கு சார்,” என்றார் நர்ஸ். “ஆனா ஒரு ஆபரேஷனுக்கு ஒதுக்கினது. தியேட்டர்ல யாரும் போன் எடுக்கல. கேக்காம தொட முடியாது.”

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. முற்றத்தைத் தாண்டி அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, உன் கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுக்கா! இல்லாத பையை இருக்குங்குது. அங்க அவளுக்கு ரத்தம் நிக்கவே இல்ல!”

அவள் வேறொரு திரையைத் திறந்தாள். முகம் செத்துப்போயிற்று. காலையில் ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. எல்லா இடத்திலும் பைகள் கைமாற, அந்த மாற்றங்களெல்லாம் உள்ளே நுழைய முடியாமல் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் அத்தனை இன்டெக்ஸையும் திருத்திவிட்டுத்தான் நகர வேண்டும்.

“நான் போட்டதுடா,” என்றாள். “எல்லாம் நான் போட்டது.”

மேலதிகாரிக்குப் போன் போட்டு, இன்டெக்ஸ்களை எடுக்கப்போகிறேன் என்றாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“இப்பவா? தேடறது பழையபடி படுத்துடும்மா. டாக்டருங்க என்னைத் தின்னுடுவாங்க!”

“தின்னட்டும் சார்,” என்று வைத்துவிட்டாள்.

பை எண்ணுக்கான இன்டெக்ஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக நீக்கினாள். வரிசை முதலில் அசைந்துகொடுத்தது, பிறகு மடமடவென்று கரைந்தது. அது தீர்ந்ததும் தேடினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னக்கா இது? அங்க அவ உயிருக்கு...”

“பொறுடா. ஒண்ணு விடாம பார்க்குது. பொறு.”

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பதில் வந்தது. ஒரே ஒரு பை. எங்கள் ஆஸ்பத்திரி, எங்கள் ஃப்ரிட்ஜ். நர்ஸ் தொட முடியாது என்றாரே, அதே பைதான். அந்த ஆபரேஷனைத் தள்ளிவைத்து, பையைக் காலையிலேயே விடுவித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியும் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. என் மனைவிக்கும் அந்த ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அக்கா போனில் சொல்லச் சொல்ல, நான் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

சாயங்காலம் மனைவி கண் திறந்தாள். “எக்ஸ்பிரஸ் அண்ணி எங்க? இன்னுமா குழந்தையைப் பார்க்க வரல?” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். காலையில் வரிசையில் நின்ற பதிவுகளை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“வாக்கா, அவ பிழைச்சுட்டா. உன்னைத்தான் கேக்கறா.”

“தெரியும், நர்ஸ் சொன்னாங்க.” அவள் திரும்பவில்லை. “நீ ஓடி வர்றதுக்கு நான் இருந்தேன்டா. ஓடி வர ஆளில்லாம வேற யாராவது ரத்தம் கிடைக்காம அங்க நின்னாங்களான்னு பார்க்கறேன்.”

அடுத்த பதிவைத் திறந்தாள். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.