டொரிபியோவுக்கு இரண்டு ராணிகள்

என் மச்சான் டொரிபியோவுக்கு நாக்கில்தான் பலம். கழுதை முரண்டு பிடித்தால்கூட அடிக்க மாட்டார்; காதோரம் குனிந்து கொஞ்சுவார். கழுதையும் வெட்கமில்லாமல் நடக்கும்.

வெளிநாட்டுக்காரர்களை மலையேற்றியே காலம் தள்ளியவர். எல்லாம் யாரோ போட்ட வழிகள். சாவதற்குள் சுமாக் ராசு பனிமலையின் கிழக்குச் சுவரில் ஒரு புது வழி போட்டு, அதற்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று கிடந்து தவித்தார். பக்கத்து ஊர்க்காரர்களும் அதே சுவருக்குக் கயிறு வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்கு உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. மறுநாளே கிளம்பினோம்: அவர், அவர் மனைவியான என் அக்கா சதுர்னினா, நான். கயிறு பிடிப்பதில் அக்காவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை.

சுமாக் ராசு பெண்மலை, ரோஷக்காரி. அவளுக்குக் கோக்கா இலை படைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் நாங்கள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டோம். நாலோடு நிறுத்தத் தெரியாதவர் என் மச்சான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான பனியில் கோடரியைக் கொத்தித் தொங்கியபடி ஆரம்பித்தார்.

"என் ராணி! என் வெள்ளைப் புறாவே! உன்னை மாதிரி அழகி உலகத்துல உண்டா? கொஞ்சம் வழி விடும்மா!"

கீழிருந்து அக்கா விட்டுக்கொண்டிருந்த கயிறு நின்றுவிட்டது.

"ஏய், கயிறு விடுடி!"

"உன் ராணிகிட்டயே கேளுய்யா."

"விளையாடற நேரமா இது? மேகம் ஏறி வருது!"

"கல்யாணத்தன்னிக்கு என்னை என்னன்னு கூப்பிட்ட?"

"...புறான்னு."

"இப்ப யாரு புறா?"

"அக்கா, சண்டையை வீட்டுல வெச்சுக்கக்கா. கால் விறைச்சுப்போச்சு" என்றேன்.

"நீ வாயை மூடுடா."

மச்சான் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சத்தியமா நீதான்டி ராணி! இது வெறும் கிழட்டுப் பனிக்கட்டி!"

கயிறு தாராளமாக வந்தது. மேலிருந்து ஒரு பனிக்கட்டியும் வந்தது, நேராக அவர் மூக்குக்கு. ரத்தம் ஒழுக ஒழுக ஏறினார். உச்சியில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

ஊர் திரும்பினோம். வீங்கிய மூக்கைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வி.

"மலை அடிச்சிருச்சு" என்றார் மச்சான்.

அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வழிக்கு இன்று பெயர் 'சதுர்னினா குத்து'. பக்கத்து ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.