பெண் கொடுத்த ஊர்

எங்கள் பெரியப்பாவின் ஜீப் கிராமத்துக்குப் போகும்போது காலியாகப் போகும், திரும்பும்போது நிறைந்து வரும். தொண்ணூறுகளில் தில்லியைச் சுற்றி இன்னும் கிராமங்கள் மிச்சமிருந்தன. அவற்றை முன்னேற்றுவதுதான் பெரியப்பாவுக்கு உத்தியோகம். எப்படி முன்னேற்றுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஃபைல்லதாம்ட்டி" என்றார். அந்த முன்னேற்றத்துக்குக் கைமாறாகக் குளிர்காலத்தில் காலிஃப்ளவரும் கடுகுக்கீரையும், அப்புறம் கரும்பும் வெல்லமும், கோடை வந்தால் வெள்ளரியும் தர்பூசணியும் ஜீப்பின் பின்பக்கம் ஏறி வரும். கோல் மார்க்கெட் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் குவார்ட்டர்ஸ். ஜீப் சத்தம் கேட்டதும் நான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

ஓடி என்ன, நல்ல சரக்கெல்லாம் இறங்காமல் ஜீப்பிலேயே இருக்கும். டிரைவர் பையா அதைப் பெரிய சாகிப் வீட்டுக்கும், அவருக்கும் பெரிய சாகிப் வீட்டுக்கும் கொண்டுபோவார். மிச்சம் பெரியப்பாவுக்கு, அந்த மிச்சத்தில் மிச்சம் எங்களுக்கு. "ஆனை தின்னு சிந்துனது எறும்புக்குப் போதும்" என்று அம்மா வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளச் சொல்வாள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை.

பெரியப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டும் பையன்கள், இருவரும் ஹாஸ்டலில் படித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யாராவது மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாட்டைச் சொல்லிப் புலம்பினால், பெரியப்பா மீசையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார். "நமக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளை. எவன் முன்னாலயும் கைகட்டி நிக்கணும்ங்கற தலையெழுத்து இல்ல." இதை அவர் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், நரேலாவைத் தாண்டி யமுனைக் கரையோரம் இருந்த ஒரு கிராமத்துக்குப் பழமரத் தோப்புத் திட்டம் வந்தது. ஊர்ப் பொது நிலத்தில் மா, கொய்யா, எலுமிச்சை, நெல்லி. முதல் மாங்கன்றைப் பெரியப்பா நட வேண்டும் என்பதால் மழை பிடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் நட்டார், நான் சொம்பால் தண்ணீர் ஊற்றினேன், ஒருவர் போட்டோ எடுத்தார். வழக்கமாகக் கன்றின் சரித்திரம் அதோடு முடிந்துவிடும். மறுநாள் எருமை வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு அதே குழியில் வேறு கன்று, வேறு போட்டோ.

இந்த ஊரில் அப்படி நடக்கவில்லை. காரணம், ஊரே தாயி என்று கூப்பிட்ட ஒரு அம்மாள். தாயி என்றால் அவர்கள் பேச்சில் பெரியம்மா. முக்காட்டுக்குள்ளிருந்து பேசுவாள், ஆனால் அவள் பேசினால் ஆண்கள் ஹூக்காவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவள் தோப்பைச் சுற்றி முள்வேலி போடவைத்தாள். தோப்பின் நடுவே இருந்த பழைய கிணற்றிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண் முறைபோட்டுத் தண்ணீர் சுமந்து ஊற்ற ஏற்பாடு செய்தாள். காய்த்தால் பழத்தை ஆசாத்பூர் மண்டியில் விற்று, பிள்ளைகள் படிக்கும் அறைக்குக் கூரை போடுவது என்று பெண்களெல்லாம் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த வருஷமும் கன்றுகள் உயிரோடு நின்றதைப் பார்த்தபோது பெரியப்பாவுக்கே நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

நான் தண்ணீர் ஊற்றிய மரத்தைத் தாயி என் தங்கை என்றாள். எனக்கும் தங்கை இல்லாததால் சரியென்று வைத்துக்கொண்டேன். லீவு நாளில் ஜீப்பில் இடம் கிடைத்தால் போய் அதனோடு முதுகுக்கு முதுகு நின்று பார்ப்பேன். மூன்றாம் வகுப்பில் என்னை எட்டிப் பிடித்தது, அப்புறம் தாண்டிவிட்டது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம் பூத்தது, பிஞ்சு பிடித்தது, உதிர்ந்ததுபோகக் கொத்துக் கொத்தாகத் தசேரி மாங்காய் தொங்கியது. மந்திர் மார்கில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், கோடை லீவு முடிந்து வரும்போது என் தங்கச்சி மரத்துப் பழம் ஆளுக்கொன்று கொண்டுவருவேன் என்று வகுப்பு முழுவதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்த வாரமே பெரியப்பா வீட்டு டெலிபோன் அடித்தது. பெரிய சாகிப். பெரியப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார். "ஜீ சர். தசேரி சர். ஜரூர் சர். உங்க சாகிப் வீட்டுக்குமா சர்? அச்சா சர்." போனை வைத்தபின் பெரியம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். முதல் காய்ப்பு, சின்ன மரங்கள். சாகிப் வீடுகளுக்கெல்லாம் பெட்டி போனால் ஊருக்கு மிஞ்சப்போவது கொட்டைதான் என்று எனக்கே புரிந்தது. என் கவலை கொட்டையைப் பற்றி அல்ல, வகுப்பைப் பற்றி.

அடுத்த தடவை போனபோது பெரியப்பாவும் தாயியும் கிணற்றடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். நான் அணிலைத் துரத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பெரியப்பா அறிவித்தார். அந்தப் பக்கத்தில் புதிதாய் வைத்த மாந்தோப்பின் பழத்தைக் கல்யாணம் செய்துவைக்காமல் வாயில் வைக்க மாட்டார்களாம். நம் மாமரம் பெண், தோப்புக் கிணறு மாப்பிள்ளை. நட்டவர்தான் பெண்ணுக்குத் தகப்பன்.

"மரத்துக்குக் கல்யாணமா? அதுவும் கிணத்தோடயா?" என்றாள் பெரியம்மா. "வெயில்ல அலைஞ்சு என்னமும் ஆயிட்டா உங்களுக்கு? என்ன சொல்லுதிய?"

"பொண்ணு காய்ச்சு நிக்கா. முடிச்சிர வேண்டியதுதான" என்றார் பெரியப்பா.

பெரியம்மாவின் ஆட்சேபம் மறுநாள் காலைவரைதான் நீடித்தது. மகள் இல்லாத வீட்டில் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி எப்போது வரும்? கரோல்பாக் போய்ச் சிவப்புச் சேலை எடுத்தாள். அதிரசம் சுட்டாள், முறுக்குப் பிழிந்தாள். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று என் அம்மாவோடு வாதாடினாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தாயி சொல்லியனுப்பியிருந்தாள்: வரதட்சணை என்று எதுவும் வேண்டாம், ஆனால் மாப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, மாமனாராகப் பார்த்து ஒரு மோட்டார் வைத்துக் கொடுத்தால் தேவலை. கிணற்று மோட்டாருக்கான ஃபைல் நான் மூன்றாம் வகுப்பில் இருந்த காலத்திலிருந்து பெரியப்பாவின் ஆபீஸில் தூங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர் அதைத் தட்டி எழுப்பினார். கல்யாணத்துக்கு முந்தின வாரமே மோட்டார் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜூன் மாதக் கடைசி, அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கிளம்புகிற காலையில் ஒரு சின்னச் சண்டை. பெரியப்பா புளியோதரை கட்டச் சொன்னார்.

"கல்யாண வீட்டுக்கு யாராது சோறு கட்டிட்டுப் போவாகளா? கேட்டாச் சிரிப்பாக" என்றாள் பெரியம்மா.

"வெயில் காலம், இருக்கட்டும். தண்ணிக் கேனும் வை. பெரிய கேனா வை."

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகிற மனிதர் அவர். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே அவசர அவசரமாகக் கிண்டி டிபன் கேரியரில் அடைத்தாள். டிரைவர் பையா கேனைத் தூக்கி ஜீப்பில் வைக்கும்போது மீசைக்குள் சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் தங்கை சிவப்புச் சேலையில் ஜோராக இருந்தாள். மாப்பிள்ளைக்கு, அதாவது கிணற்றின் ராட்டினக் கட்டைக்கு, ரோஜா நிறத்தில் தலைப்பாகை. பெண்கள் டோலக் தட்டிப் பாடினார்கள். ராட்டினத்திலிருந்து மரத்துக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டுவது அவர்கள் முறை. தாலி இல்லாமல் என்ன கல்யாணம் என்று பெரியம்மா அந்த நூலைப் பிடுங்கி மஞ்சள் பூசினாள். மூன்று முடிச்சில் ஒன்றை மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டும் என்று தமிழிலேயே அதட்டினாள். பண்டிட்ஜி விழித்தார். தாயி ஒன்றும் கேட்காமல் வந்து முடிச்சுப் போட்டாள். மந்திரம் சொல்லிப் பெரியப்பாவின் கையில் தண்ணீர் வார்த்தார்கள். பிறகு அவர் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு குனிந்து நின்றார். நிமிர்ந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டாரைப் போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து ஒவ்வொரு மரத்தடிக்கும் போனது. ஐந்து வருஷமாகக் குடம் சுமந்த பெண்கள் அதில் காலை வைத்துக்கொண்டு நின்றார்கள், யாருக்கும் நகர மனமில்லை. அப்புறம்தான் பழம் வந்தது. தாயி முதல் பழத்தை அறுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், பிறகு ஊருக்கெல்லாம். வாசனை மூக்கைத் துளைத்தது. என் முறை வந்ததும் கையை நீட்டினேன். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

மறுபடி நீட்டினேன். தாயி என் கையைப் பிடித்து மடித்துவைத்தாள். "நஹீ பேட்டி. தூ படீ பெஹன் ஹை" என்றாள். நீ அக்கா அல்லவா?

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெண்ணைக் கொடுத்த ஊரில் பெண்ணின் தகப்பனும் தாயும் சாப்பிடக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெண்ணுக்கு மூத்தவர்களுக்கும் அதே விதி. கொடுக்கலாம், வாங்கக் கூடாது. காலையிலிருந்து எங்களுக்கு மட்டும் யாரும் ஒரு டம்ளர் மோர் தரவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. தங்கையாக இருந்தால் தின்னலாமாம். மரத்துக்கு முன்னால் பிறந்தது என் தப்பா? "நம்ம ஊர்ல மக வீட்டுக்குப் போனா வடை பாயசத்தோட இலை போடுவாக" என்று பெரியம்மா என்னிடம் முறையிட்டாள். பெரியப்பாவோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கூப்பிய கையை இறக்காமலே விடைபெற்றார். தாயி ஜீப்வரை வந்து வழியனுப்பினாள். முக்காட்டுக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஊர் எல்லையில் ஒரு கால்வாய். அதைத் தாண்டியதும் டிரைவர் பையா யாரும் சொல்லாமலே ஒரு வேப்ப மரத்தடியில் ஜீப்பை நிறுத்தினார். பெரியப்பா டிபன் கேரியரைத் திறந்தார்.

"நம்மள ஏமாத்திட்டாங்க பெரியப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு முன்னமே தெரியும்ட்டி" என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்த ரகம் என்று நினைத்தேன். அவருக்குத்தான் மீசையும் இருந்ததே.

ஜூலையில் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனேன். எனக்கு மரமே கிடையாது என்று வகுப்பு முடிவு கட்டியது. அதற்குள் பெரிய சாகிப்பிடமிருந்தும் போன் வந்திருந்தது. பெரியப்பா இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார். "சர், வோ தோ அப் பேட்டி கா கர் ஹோ கயா. அது மகளைக் கட்டிக்கொடுத்த வீடாயிருச்சு சர். எப்படி சர் போய்க் கேக்க முடியும்?" சாகிப் மீரட் பக்கத்துக்காரர். பேட்டி கா கர் என்றால் என்னவென்று அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அந்தத் தோப்புப் பழத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

ஆவணி பிறப்பதற்குள் வரும் தீஜ் பண்டிகைக்கு மகளைக் கொடுத்த வீட்டுக்குச் சீர் அனுப்புவது அங்கே வழக்கம். பெரியப்பா ரிட்டயராகிறவரை வருஷம் தவறாமல் போனார். ஒரு வருஷம் வேலிக் கம்பி, ஒரு வருஷம் எரு, ஒரு வருஷம் கூடுதல் கன்றுகள், எல்லா வருஷமும் பெரியம்மாவின் அதிரசம். ஜீப் நிறைந்து போனது, காலியாக வந்தது. பிள்ளைகள் படித்த அறைக்குக் கூரை வந்ததை நானே போய்ப் பார்த்தேன். அவர் முன்னேற்றிய கிராமங்களில் முன்னேறியது எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான். என் தங்கையின் பழத்தை இன்றுவரை நான் தின்றதில்லை.

தாயி பெரியப்பாவை மடக்கிவிட்டாள் என்று ரொம்ப காலம் சொல்லித் திரிந்தேன். என் மகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தக் கேரியர் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாண வீட்டுக்குச் சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போகிற மனிதருக்கு, அங்கே தனக்கு இலை விழாது என்பது தெரிந்துதானே இருக்க வேண்டும். கிணற்றடியில் அவ்வளவு நேரம் பேசினார்களே, அது முதலில் யாருடைய யோசனை என்று கேட்க இப்போது இருவரும் இல்லை. வேப்ப மரத்தடியில் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், அப்போது கேட்டிருக்கலாம். நான் புளியோதரையில் வேர்க்கடலையே இல்லை என்று பெரியம்மாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.