வேனுக்குள் கேட்ட கேள்விகள்

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். மனைவி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள். ஃபோர்மேன் ஆவதற்கான பாதுகாப்புத் தேர்வில் போன தடவை கோட்டைவிட்டுவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் கம்பெனி அடுத்த தேர்வுக்கு வேறு ஆளை அனுப்பிவிடும். வீட்டிலேயே வாத்தியார் இருக்கையில் என்ன கவலை என்று மார்தட்டிக்கொண்டு நானே களத்தில் இறங்கினேன்.

சாயங்காலம் கம்பெனி வேனைவிட்டு இறங்கி வந்ததும் பாடம். நைலான் சேலை கட்டிக்கொண்டு ஏன் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகக்கூடாது, துணி உராய்ந்தால் மின்சாரம் எப்படி உண்டாகும் என்று படம் போட்டு விளக்குவேன். என் விளக்கம் எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது! புரிந்ததா என்பேன். புரிந்தது என்பாள். மறுநாள் காலையில் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"நீங்க சொல்லும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதாங்க இருக்கு. கேட்டா ஒண்ணும் வர மாட்டேங்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

அப்புறம் எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்து பாடம் நின்றுபோனது. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் அலசிக்கொண்டிருந்தவளிடம் சும்மா ஒரு கேள்வியைப் போட்டேன். பதில் டாண் என்று வந்தது. இன்னொன்று கேட்டேன். வந்தது. நான் சொல்லியே தராத பக்கத்திலிருந்து கேட்டேன். அதற்கும் வந்தது!

"யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லலை. வேன்ல கூட வேலைக்கு வர்றவளுக கேக்காளுக. காலைல ஏறினதும் புத்தகத்தைப் புடுங்கி வச்சுக்கிட்டு கேள்வியாக் கேக்காளுக. முழிச்சா ஓன்னு கத்தி மானத்தை வாங்குறாளுக. சாயங்காலம் திரும்பும்போது முழிச்ச கேள்வியையே மறுபடி கேக்காளுக. ரெண்டு நாள் விட்டு அதையே இன்னொரு தடவை. வராத பதிலை நானாத் தேடி எடுத்துச் சொல்லிட்டேன்னா, அது அங்கனயே நின்னுக்கிடுது."

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷமாக வகுப்பில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தெரிந்ததுபோல இருப்பதை நம்பி அவர்களும் ஏமாந்தார்கள், நானும் ஏமாந்தேன். கொஞ்சம் மறந்தபிறகு முக்கி முனகித் தேடி எடுத்தால்தான் மனசில் கெட்டிப்படுகிறது! உடனே செய்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. திங்கள்கிழமை முதல் வேலையாகப் புத்தகத்தை மூடச் சொல்லி, போன வாரப் பாடத்தைக் கேட்டேன். பிள்ளைகள் பல்லைக் கடித்தார்கள். வெள்ளிக்கிழமை அதையே கேட்டபோது கடைசிப் பெஞ்சிலிருந்துகூடக் கை உயர்ந்தது.

தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் போன் அடித்தது. வேன் இரைச்சலில் "பாஸுங்க!" என்பது மட்டும்தான் கேட்டது. நான் ஸ்டாஃப் ரூமிலேயே துள்ளிக் குதித்தேன். அதற்குள் வேனில் இருந்த ஒரு பெண் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அம்புட்டும் மனப்பாடம் ஆயிருச்சு. அடுத்த தடவை நாங்க மூணு பேரு எழுதப் போறோம். உங்க வீட்டு மதினியே கேள்வி கேக்கேன்னு சொல்லிட்டாக. நீங்க மட்டும் சொல்லித் தராம இருந்தாப் போதும்!"