பேனல் முன்னால் ஒரு ஸ்டூல்

என் அக்கா வீட்டுக்காரர் எந்தக் கம்பியைத் தொடுவதற்கு முன்னாலும், கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் டெஸ்டரைச் செருகிப் பார்ப்பார். அதன் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரிந்த பிறகுதான் வேலைக்கான கம்பியில் வைப்பார். அங்கே எரியாவிட்டாலும் நம்ப மாட்டார். திரும்ப வந்து பழைய பிளக்கில் இன்னொரு முறை. "டெஸ்டர் செத்திருந்தாலும் லைட் எரியாது, கரண்ட் இல்லன்னாலும் எரியாது. பாக்க ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். அண்ணன் சோற்றில் கை வைக்கும் முன்னாலும் டெஸ்டர் வைத்துத்தான் பார்ப்பார் என்று அவருடைய ஆட்கள் சிரிப்பார்கள்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் எலக்ட்ரீஷியன்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். நான் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் புகார் போன் எடுக்கிறவன். வீட்டில் அவரை மாமா என்பேன், வேலையிடத்தில் சார். சார் என்று கூப்பிட்டால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

என் மேசைக்கு எதிரேதான் மெயின் பேனல். ஒரு மாடியில் வேலை செய்யப் போகிறவன், பேனலில் அந்த மாடியின் ஸ்விட்சை இறக்கி, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏணியைத் தூக்க வேண்டும். பூட்டியவன் மட்டுமே திறக்கலாம். இதைக் கொண்டுவந்தவரே மாமாதான். பூட்டாமல் போனவனைப் பிடித்து, "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. கேட்கப்பட்டவன் அன்று முழுக்கத் தலைகுனிந்தே திரிவான்.

அன்று மதியம் ஐந்தாவது மாடி ஸ்விட்சில் நெட்டையின் பூட்டு தொங்கியது. நெட்டை அவருடைய ஆட்களில் உயரமானவன். அந்த மாடியின் ஸ்டோர் ரூம் கூரையில் அவனுக்கு வேலை. அதே மாடியின் கூட்ட அறைக்குத் திடீரென்று விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். மேனேஜரே கீழே இறங்கி வந்தார்.

"என்னங்க, வந்தவங்க எல்லாம் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"ஆளு வேலையில இருக்கான் சார்."

"எங்க இருக்கான்? சாப்பாட்டு நேரம். போன வாரமும் பூட்டப் போட்டுட்டுச் சாவியோட வீட்டுக்குப் போனவன்தானே?"

அது உண்மை. மாமா நெட்டைக்குப் போன் அடித்தார். சுவரில் மாட்டியிருந்த நெட்டையின் பைக்குள்ளிருந்து அது அடித்தது.

"உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. முடியற ஆளா நான் பாத்துக்கறேன்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கம்பி வெட்டும் பெரிய கட்டரை எடுத்தார். பூட்டு வளையம் சுலபத்தில் அறுபடவில்லை. முழங்காலால் முட்டுக்கொடுத்து அழுத்தினார். பூட்டு தரையில் விழுந்தது. ஸ்விட்சை ஏற்றினார். டெஸ்டர் அவர் சட்டைப்பையில் இருந்தபடியே இருந்தது. மேனேஜர் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நெட்டை படியிறங்கி வந்தான். வெளிறிப்போயிருந்தான்.

"ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்துச்சு. எடுக்க எறங்கினேன். நிமிந்து பாத்தா லைட் எரியுது."

அவன் குனிந்து, அறுபட்ட பூட்டை எடுத்து, தன் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தான். திறந்தது.

"வேற பூட்டு வேணும்ண்ணே" என்றான்.

மாமா அலமாரியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். ஒருவன் ஏதாவது திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வேலையில ஏதாவது பிரச்சனையா?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அவர் பாதியில் கை கழுவினார்.

மறுவாரம் பேனல் முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் முளைத்தது. எவனாவது பூட்டுப் போட்டுவிட்டு மேலே போனால், இன்னொருவன் வந்து அதில் உட்கார்ந்துகொண்டான். மாமாவின் ஷிப்டில் மட்டும். மற்ற ஷிப்டில் ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

"இங்க என்ன காவல்?" என்று ஒருவனிடம் கேட்டேன்.

"கால் வலிக்குது தம்பி. உக்காரக்கூடாதா?"

தன் ஆட்களே தன்னிடமிருந்து ஸ்விட்சைக் காப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி வேலைக்கு வருகிறார் என்று தெரியவில்லை. தினமும் ஸ்டூலைத் தாண்டித்தான் போனார். உட்கார்ந்திருப்பவன் எழுந்தால், "உக்காரு, உக்காரு" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்ற கேள்வி அதற்குப் பிறகு என் காதில் விழவே இல்லை. நெட்டையிடம் பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன். தப்பு செய்தவரை இப்படித் தினம் தினம் சந்தியில் நிறுத்த வேண்டுமா?

அந்த நாட்களில் ஒருமுறை அக்கா சமையலறையில் எதையோ தேடினாள். "மேல் அலமாரிக்கு ஏறுற ஸ்டூலக் காணோமே?"

"உடஞ்சிருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

அவர் வேறொரு கட்டடத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் நெட்டை என் மேசைக்கு வந்து நின்றான்.

"எங்க மேல உனக்குக் கோவம்னு தெரியும். காவல் போட்டது நாங்க இல்ல. பூட்ட அறுத்த அன்னிக்கு ராத்திரி அவரே என் வீட்டுக்கு வந்தார். உள்ள வாங்கன்னா வரல. வாசல்லயே நின்னு, என் பொண்டாட்டி முன்னாலயே சொன்னார், 'என் ஷிப்டுல யாராவது ஒருத்தன் பூட்டுகிட்ட இருக்கணும், என்னை நம்பாதீங்க'ன்னு. மறுநாள் நாங்க எல்லாரும் மாட்டோம்னோம். அவர் விடல. உக்கார ஸ்டூல்கூட அவர் கொண்டாந்ததுதான்."